குட்டிக் குழந்தைக்கு ஒரு குரோஷே போர்வை

மார்சிலிங்கில் பகல் இரண்டு மணி வெயிலில் நடந்து வருபவரிடம், “குழந்தைக்குப் போர்வை பின்னுகிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். சிரித்துவிடுவார். பகலில் 30 டிகிரியைத் தாண்டும் ஊரில் யாருக்குப் போர்வை? ஆனால், பிள்ளையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மார்சிலிங் எம்ஆர்டி நிலையத்தில் ஏறி லிட்டில் இந்தியாவுக்குப் போகும் தாய்க்கு அந்தச் சந்தேகம் வராது. ரயிலில் குளிரூட்டியின் அடியில் உட்கார்ந்து போய்ச் சேர்வதற்குள் பிள்ளையின் கால் சில்லிட்டுவிடும்.

ஆக, இங்கே போர்வை தேவைப்படுவது குளிர்காலத்துக்கு அல்ல, குளிரூட்டிக்கு. இது புரிந்துவிட்டால் நூல் வாங்கும்போது பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கம்பளி நூல் இங்கு வேண்டாம். உடம்பில் உறுத்தும், துவைப்பதும் சிரமம். அக்ரிலிக் நூல் விலை குறைவு, சீக்கிரம் காயும். ஆனால் வியர்வையை உறிஞ்சாது. பருத்தி நூல்தான் நல்லது. கொஞ்சம் கனமாக இருக்கும், அவ்வளவுதான்.

இனி, பாட்டிமார்களுக்குச் சற்று வருத்தம் தரக்கூடிய விஷயம். பேரப்பிள்ளை பிறப்பதற்கு முன்பே ஆசை ஆசையாகப் பின்னத் தொடங்கியிருப்பார்கள். பிள்ளை வீட்டுக்கு வந்ததும் மருமகள் அதைத் தொட்டிலில் போடாமல் அலமாரியில் மடித்து வைப்பார். “நான் செய்தது பிடிக்கவில்லை போலும்” என்று மனம் நோகும். உண்மையில் மருமகள் செய்வதுதான் சரி. ஒரு வயது நிரம்பும்வரை குழந்தை தூங்கும் இடத்தில் தளர்வான போர்வை, தலையணை எதுவும் இருக்கக் கூடாது என்பது மருத்துவர்களின் அறிவுரை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2022ஆம் ஆண்டு புதுப்பித்த பரிந்துரைகளும் இதையே சொல்கின்றன. போர்வை முகத்தை மூடினால் சின்னக் குழந்தையால் அதை விலக்க முடியாது. உடம்பு அளவுக்கு மீறிச் சூடாவதும் ஆபத்து. உறக்கத்திலேயே நேரும் திடீர் மரணங்களுக்கு இவை காரணமாகலாம்.

அதற்காகப் பின்னிய போர்வை வீண் என்று நினைக்க வேண்டியதில்லை. பெரியவர்கள் விழித்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது தள்ளுவண்டியில் முட்டிவரை போர்த்தலாம். தரையில் விரித்துப் பிள்ளையைக் குப்புற விட்டு விளையாட வைக்கலாம். ஒரு வயதுக்குப் பிறகு தூங்கும்போதும் போர்த்தலாம். பல பிள்ளைகள் அந்தப் போர்வை இல்லாமல் தூங்கவே மாட்டார்கள்!

சரி, எப்படிப் பின்னுவது? பெரிய ஓட்டைகள் விழும் அலங்காரப் பின்னல் பார்வைக்கு அழகு. ஆனால் குழந்தையின் விரல் அதில் மாட்டிக்கொள்ளும். நெருக்கமான பின்னலே ஏற்றது. ஓரத்தில் குஞ்சம், பாசிமணி, பொத்தான் எதுவும் வேண்டாம். தொங்கும் நூல் ஒன்று கால் விரலைச் சுற்றி இறுகினாலே இரத்த ஓட்டம் தடைபடும். காரணமில்லாமல் பிள்ளை விடாது அழுதால் விரல்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

நடுத்தர நூலுக்கு 4 மில்லிமீட்டர் கொக்கி ஊசி போதும். முதலில் ஒரு சிறு மாதிரி பின்னி, துவைத்து, காயவைத்து அளக்க வேண்டும். பருத்தி சுருங்கும் என்பதால் இதைத் தவிர்க்கக் கூடாது. 10 சென்டிமீட்டரில் 16 கண்ணிகள் வந்தால், 75 சென்டிமீட்டர் அகலத்துக்கு 120 கண்ணிகள். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். ஓரக் கண்ணியை விட்டுவிட்டால் சதுரப் போர்வை மெல்ல மெல்ல முக்கோணமாகிவிடும். புதிதாகக் கற்பவர்கள் எல்லாருக்கும் நேர்வதுதான் இது.

புத்தகம் பார்த்துப் பின்னுபவர்களுக்கு இன்னொரு சிக்கல். பிரிட்டிஷ் புத்தகத்தில் ‘டபுள் குரோஷே’ என்றிருப்பது அமெரிக்கப் புத்தகத்தில் ‘சிங்கிள் குரோஷே’. எந்த நாட்டுப் புத்தகம் என்று பார்க்காமல் தொடங்கினால் போர்வையின் அளவே மாறிவிடும்.

ஒரே ஆள் இவ்வளவு பின்ன முடியுமா என்று மலைப்பவர்களுக்குச் சென்னையில் நடந்ததைச் சொல்லலாம். ‘மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்’ என்ற குழுவைச் சேர்ந்த பெண்கள் அவரவர் வீட்டில் ஏறக்குறைய ஒரு மீட்டர் சதுரமாகப் போர்வைகள் பின்னினார்கள். அவற்றை ஒன்றாக இணைத்து, 2016 ஜனவரி 31ஆம் தேதி 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை படைத்தார்கள். பிறகு அதைப் பிரித்து, தேவைப்பட்டவர்களுக்குப் போர்த்திக்கொள்ளக் கொடுத்தார்கள். அவர்களில் பலர் வீட்டு வேலைகளுக்கு நடுவே நேரம் ஒதுக்கிப் பின்னியவர்கள்.

பின்னி முடித்ததும் நூலை ஒட்ட வெட்டக் கூடாது. 10 சென்டிமீட்டராவது விட்டு, தையல் ஊசியால் இப்படியும் அப்படியும் இரண்டு மூன்று முறை உள்ளே செலுத்துங்கள். சலவை இயந்திரத்தில் போட்டாலும் எளிதில் பிரியாது. மீதி நூலைத் தூக்கிப் போடாமல் போர்வையோடு சேர்த்து மருமகளிடம் கொடுத்துவிடுங்கள். பிள்ளை இழுக்கிற இழுப்பில் எங்காவது ஒரு கண்ணி அறுந்தால் அதே நிறத்தில் நூல் தேடி அலைய வேண்டியிருக்காது.