அப்பா விட்டுப்போன சொத்து

எங்கள் திருப்பூரில் சனிக்கிழமை ராத்திரி சம்பளம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கறிக்கடை, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் சினிமா. வாரம் பூராவும் ஒன்றரை ஷிப்ட் பார்த்த மனுஷனுக்குத் திரையில் நாலு பேராவது பறந்து போய் விழுந்தால்தான் டிக்கெட் காசு செரிக்கும். அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு ஜப்பானியப் படத்தைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் கராத்தே இல்லை, வாள் வீச்சு இல்லை, ஊரை மிதித்து நசுக்கும் காட்ஸில்லா இல்லை. நாலு பெண்கள் ஒரு பழைய வீட்டில் சமைக்கிறார்கள், சாப்பிடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், மறுபடி சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான் படம்!

ஜப்பானில் அதன் பெயர் 'உமிமச்சி டைரி'. கடலோர ஊரின் டைரி என்று அர்த்தம். வெளிநாடுகளுக்கு 'அவர் லிட்டில் சிஸ்டர்' என்ற பெயரில் போனது. வந்த வருஷம் 2015. அகிமி யோஷிதா என்ற பெண்மணியின் சித்திரக்கதையைப் படமாக்கியவர் ஹிரோகாஸு கொரே-எடா. 2018-ல் 'ஷாப்லிஃப்டர்ஸ்' படத்துக்காகக் கான் விழாவில் தங்கப் பனை வாங்கினாரே, அவரேதான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காமகுரா என்ற கடலோர ஊர். அங்கே பாட்டி காலத்து வீட்டில் மூன்று சகோதரிகள். மூத்தவள் சச்சி, நர்ஸ். அடுத்தவள் யோஷினோ, பாங்க் உத்தியோகம். மூன்றாமவள் சிகா, விளையாட்டுச் சாமான் கடையில் வேலை. பதினைந்து வருஷத்துக்கு முன் அப்பா இன்னொருத்தியோடு போய்விட்டார். அம்மாவும் தன் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டாள். வளர்த்த பாட்டியும் கண்ணை மூடிய பிறகு, அந்த வீட்டுக்கு அம்மா, அப்பா, பாட்டி எல்லாமே சச்சிதான்.

ஒரு நாள் தகவல் வருகிறது. அப்பா இறந்துவிட்டார். வடக்கே யமகதா பக்கம் சாவுக்குப் போகிறார்கள். அங்கே பதிமூன்று வயசுப் பெண் ஒருத்தி நிற்கிறாள். பெயர் சுசு. எந்தப் பெண்ணுக்காக அப்பா இவர்களை விட்டுப் போனாரோ, அவள் பெற்ற மகள். அந்த அம்மாவும் இப்போது உயிரோடு இல்லை. அப்பாவின் மூன்றாவது மனைவியோ, வந்தவர்களுக்கு நன்றி சொல்லும் பொறுப்பைக்கூட இந்தச் சின்னப் பெண் தலையில் கட்டப் பார்க்கிறாள். "அது பெரியவங்க வேலை" என்று தடுப்பவள் சச்சி.

இந்த இடத்தில் நம் ஊராக இருந்தால் என்ன நடந்திருக்கும்? சாவு வீட்டு வாசலிலேயே பங்காளிப் பஞ்சாயத்து ஆரம்பித்திருக்கும். யார் கொள்ளி, யாருக்கு வீடு, பீரோ சாவி எங்கே! சட்டம் இதற்கெல்லாம் பதில் வைத்திருக்கிறது, மறுக்கவில்லை. பூர்வீகச் சொத்தில் பெண்களுக்கும் பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே திருத்தம் வந்தது. 2005-ல் நாடு முழுமைக்கும் வந்தது. செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கும், பூர்வீகச் சொத்தில் அதன் அப்பாவுக்கு வருகிற பங்கில் உரிமை உண்டு என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ஜப்பானும் லேசுப்பட்டதில்லை. கல்யாணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளைக்குப் பாதிப் பங்குதான் என்று அங்கே ஒரு சட்டம் இருந்தது. அது செல்லாது என்று அந்த நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததே 2013-ல்தான்.

ஆனால் கோர்ட்டால் ஏக்கரைப் பிரிக்க முடியும், சென்ட்டைப் பிரிக்க முடியும். "இன்று முதல் நீ இவளுக்கு அக்கா" என்று எந்த ஜட்ஜாலும் உத்தரவு போட முடியாது. இந்தப் படம் பேசுவது அந்த உத்தரவைப் பற்றித்தான்.

ரயில்வே பிளாட்பாரத்தில் சச்சி அதை ரொம்பச் சாதாரணமாகப் போடுகிறாள். வண்டி கிளம்பப் போகிற சமயம், "எங்களோடு வந்துவிடுகிறாயா? நாலு பேருமாக இருக்கலாம்" என்று கேட்கிறாள். கண்ணீர் இல்லை, வயலின் கதறல் இல்லை. கதவு மூடுவதற்குள் அந்தப் பெண் "வர்றேன்" என்கிறாள். வண்டி போய்விடுகிறது.

என் வீட்டில் இந்தப் படம் ஓடியபோது பக்கத்து லைன் வீட்டு அக்கா ஒருவரும் வந்து உட்கார்ந்தார். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பீஸைத் திருப்பின நிமிஷத்தில் பிசிறைப் பிடிக்கிற கண். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏங்கண்ணு, கதை எப்ப ஆரம்பிக்கும்?" என்றார்.

"ஆரம்பிச்சிருச்சுங்கக்கா."

"அப்படியா? ஆரும் அழுகவே காணமே!"

நியாயமான சந்தேகம். நம் சினிமா அக்காக்களுக்கு அழுகைதானே முழு நேர உத்தியோகம். 'பாசமலர்' (1961) காலத்திலிருந்து அண்ணன்–தங்கைப் பாசத்துக்குக் கர்ச்சீப் நனைத்தோம். 'அரங்கேற்றம்' (1973), 'அவள் ஒரு தொடர்கதை' (1974) இரண்டிலும் பாலசந்தர் குடும்பப் பாரத்தை மூத்த பெண்ணின் தோளில் ஏற்றிக் காட்டினார். அவை பெரிய படங்கள்தான். ஆனால் அதற்குப் பிறகு அக்கா என்றாலே மெழுகுவத்தி என்று முடிவு கட்டிவிட்டோம். அவள் உருக வேண்டும், நாம் வெளிச்சத்தில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

சச்சி மெழுகுவத்தி இல்லை. துணிமணிக்காகத் தங்கையோடு வாய்ச்சண்டை போடுகிறாள். அதிகாரம் பண்ணுகிறாள். எல்லாவற்றுக்கும் மேலே அவளுக்கு ஒரு ரகசியம் இருக்கிறது. அவள் பழகுகிற டாக்டர், கல்யாணமானவர்! தன் குடும்பத்தைக் கலைத்தவள் என்று எந்தப் பெண்ணை வெறுத்தாளோ, அவள் நின்ற அதே இடத்தில் இவளும் நிற்கிறாள். சுசு ஒரு நாள், "பொண்டாட்டி இருக்கிறவரை விரும்பினது எங்கம்மா தப்பு" என்று மன்னிப்புக் கேட்கிற தொனியில் சொல்கிறாள். கேட்கிற சச்சியின் முகத்தைப் பாருங்கள். ஹாருகா அயாசே என்ற நடிகை கண்ணைக்கூடப் பெரிதாக அசைக்கவில்லை. நமக்குத்தான் நெஞ்சுக்குள் சுருக்கென்கிறது.

சொந்தக்காரக் கிழவி ஒருத்தி எச்சரிக்காமலும் இல்லை. பிள்ளை வளர்ப்பது நாய், பூனை வளர்ப்பது மாதிரி இல்லை, உன் குடும்பத்தைக் கெடுத்தவளின் மகள் அவள் என்கிறாள். (இந்தக் கிழவிக்கு அவிநாசியிலும் பல்லடத்திலும் கிளைகள் உண்டு.)

சாப்பாட்டுக்கு வருவோம். நூல் துண்டு மாதிரி ஷிராசு என்று ஒரு பொடி மீன். அதைச் சோற்றில் போட்டுக் கொடுத்தபோது, சாப்பிடுவது இதுதான் முதல் தடவை என்கிறாள் சுசு. பொய்! அப்பா அதை ரொட்டியில் வைத்து அவளுக்கு அடிக்கடி செய்து கொடுத்திருக்கிறார். அதைச் சொன்னால் அப்பாவோடு தான் இருந்த நாட்கள் இவர்களுக்கு உறுத்துமே என்று மறைக்கிறாள். சிகாவுக்கோ அப்பா முகமே சரியாக ஞாபகமில்லை. அப்பாவைப் பற்றி எனக்குச் சொல்லேன் என்று தங்கையிடம்தான் கேட்கிறாள். ஒருத்தியிடம் ஞாபகம் நிறைய, இன்னொருத்தியிடம் காலி. பாகப்பிரிவினை என்றால் இதுவல்லவா பாகப்பிரிவினை!

தோட்டத்தில் உமே மரம் ஒன்று. அதன் புளிப்புக் காயை வருஷா வருஷம் மதுவில் ஊறப்போடுகிறார்கள், நம் வீட்டு மாவடு ஜாடி மாதிரி. பாட்டி கடைசியாகப் போட்டது கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஓடிப்போன அம்மா பாட்டியின் திதிக்கு வந்து, வீட்டை விற்றுவிடலாமா என்கிறாள். வெடிக்கிறது சண்டை. ஆனால் மறுநாள் அம்மா கிளம்பும்போது சச்சி கொடுத்து அனுப்புவது அந்த மிச்சத்தைத்தான். மன்னித்தேன் என்று ஒரு வார்த்தை இல்லை.

வீட்டுத் தூணில் சகோதரிகள் வளர வளர உயரம் குறித்த கோடுகள். அதில் சுசுவுக்கும் ஒரு கோடு விழுகிறது. அதுதான் அவளுக்குக் கிடைத்த பட்டா.

அந்தக் காட்சியில் செக்கிங் அக்கா மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பனுக்கும் ஒருத்தி இருந்தாளுங் கண்ணு. அவளுக்கு ஒரு புள்ள. எழவுக்கு வந்து வாசல்லயே நின்னுட்டிருந்துச்சு. ஆரும் உள்ள வான்னு கூப்படல. நானுங் கூப்படல. அதுவும் இப்பப் பெருசாயிருக்கும். எங்க இருக்குதோ..."

நான் பதில் சொல்லவில்லை. இந்த ஊரில் அக்கா என்ற வார்த்தைக்குப் பஞ்சமே கிடையாது. திண்டுக்கல்லிலிருந்தும் தேனியிலிருந்தும் பிழைக்க வந்த பெண், கைமடியாகச் சேர்ந்த முதல் நாளே பக்கத்து மெஷின்காரியை அக்கா என்பாள். ஒரே ரூமில் பாய் விரித்து, ஒரே குக்கரில் பொங்கி, காய்ச்சல் வந்தால் ஒருத்திக்கு இன்னொருத்தி லீவு போடுவாள். முன்பின் தெரியாதவளுக்கு இத்தனை சுலபமாக அக்காவாகிற நாம், அப்பாவின் இன்னொரு பிள்ளைக்கு மட்டும் வாசலோடு நிறுத்திவிடுகிறோம். அப்பா செய்த குற்றத்துக்குத் தண்டனை யாருக்கு? அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். நின்றது அந்தப் பிள்ளைதான்.

படத்தின் முடிவில் நாலு பேரும் கடற்கரையில் நடக்கிறார்கள். அப்பா உருப்படாத ஆள்தான், ஆனாலும் நல்ல மனுஷனாக இருந்திருக்கலாம், இப்படி ஒரு தங்கச்சியை விட்டுப் போயிருக்கிறாரே என்கிறாள் சச்சி.

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? உடனே ஐந்தொகை போட்டுப் பார்த்தது. நம் ஊர் வழக்கப்படி கடன் இடது பக்கம், சொத்து வலது பக்கம். ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தப் பெண்ணை இடது பக்கம்தான் எழுதச் சொல்லியிருப்பார்கள்.

அந்த மூன்று பேரும் வலது பக்கம் எழுதினார்கள். கணக்கு டேலி ஆகிவிட்டது.