மாற்றியமைத்த எஞ்சின் தலைகளில் நீர்க்கசிவு

பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தின் அறிஞர்கள், விறகிலிருந்து பெறும் வாயுவினால் எஞ்சின்களை ஓட்டுவது குறித்துப் பல்லாண்டுகள் ஆராய்ந்துள்ளனர். அவர்களது முயற்சியால் 1988-ஆம் ஆண்டில் தும்கூர் மாவட்டத்து ஹொசஹள்ளி என்னும் சிற்றூரில், டீசலும் விறகு வாயுவும் சேர்ந்து இயக்கும் 3.7 கிலோவாட் எஞ்சின் ஒன்று நிறுவப்பட்டது. முதலில் விளக்கும், பின்னர் குடிநீரும் மாவரைக்கும் வசதியும் அவ்வூரார்க்குக் கிடைத்தன. டீசல் எஞ்சினில் எரிபொருள் தெளிப்பானின் இடத்தில் ஸ்பார்க் பிளக்கைப் பொருத்தி, 17-க்கு 1 என்ற அமுக்க விகிதத்தில், வாயுவினால் மட்டுமே ஓட்டலாம் என்பதை 2001-ல் வெளியான அக்கழகத்து ஆய்வு காட்டிற்று.

ஓர் ஊரின் விளக்கும் நீரும் ஒரே எஞ்சினைச் சார்ந்திருக்குமிடத்து, சிறு பழுதும் பெருந்தொல்லையாகும். நீரால் குளிர்விக்கப்படும் எஞ்சின்களை மாற்றியமைக்கையில் கருதவேண்டிய பழுதுகளுள் ஒன்று சிலிண்டர் தலையில் உண்டாகும் நீர்க்கசிவு.

கசிவின் காரணங்கள்

சிலிண்டர் தலையினுள்ளே நீர் ஓடும் வழிகள் உள்ளன. பிளக்குக்காகத் துளையைப் பெரிதாக்கும்போது, துளைக்கும் நீர்வழிக்கும் இடையிலுள்ள சுவர் மெலிகிறது. வெப்பத்தால் விரிந்தும் குளிரால் சுருங்கியும் அச்சுவர் நாளடைவில் விரிசலுறும். ஆழ்துளைக் கிணற்றின் கடின நீர் படிவிக்கும் சுண்ணப் பொருக்கு, வெப்பம் வெளியேறாதவாறு தடுத்து இக்கேட்டை விரைவுபடுத்தும். மேலும், பெங்களூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 920 மீட்டர் உயரத்தில் உள்ளமையால், திறந்த கலத்தில் நீர் அங்கு சுமார் 97 பாகை சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும்.

கண்டறியும் முறை

வெளியே ஒழுக்கின்றி ரேடியேட்டர் நீர் குறைதல், அதில் குமிழிகள் எழுதல், எண்ணெய் பால்போல் வெளுத்தல், எஞ்சின் சூடேறிய பின்னரும் வெண்புகை நீடித்தல் ஆகியவை அறிகுறிகளாம். இவை தோன்றின் எஞ்சினை ஓட்டலாகாது. சிலிண்டரில் நீர் தேங்கியிருப்பின், அமுங்காத அந்நீர் இணைப்புத் தண்டை வளைத்துவிடும். எண்ணெயில் கலந்த நீர் பேரிங்குகளைக் கெடுக்கும்.

தலையைக் கழற்றி, நீர்வழியின் வாய்களையெல்லாம் அடைத்து, உள்ளே காற்றை மிதமான அழுத்தத்தில் செலுத்தி வெந்நீரில் அமிழ்த்தவேண்டும். குமிழி எழும் இடமே கசியும் இடம். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கும் முறையே இது. வெந்நீர் தேவைப்படுவதன் காரணம், சில விரிசல்கள் உலோகம் சூடாயிருக்கும்போதே வாய் திறப்பதாகும்.

சீர்செய்தல்

துளைச் சுவரில் கசிவிருப்பின், துளையைச் சீராகக் கடைந்து, இறுக்கமான உலோக உறை ஒன்றை அடைப்புப் பசையுடன் செலுத்துவது தக்கது. வார்ப்பிரும்பின் வேறிடத்து விரிசலாயின், அதன் இரு முனைகளிலும் துளையிட்டு மேலும் பரவாமல் தடுத்து, ஒன்றையொன்று கவ்வும் திருகாணிகளால் அதைத் தைக்கலாம். பற்றவைப்பதாயின், தலை முழுவதையும் முன்னரே சூடாக்கிப் பின் மெல்லக் குளிரவிடும் முறை சிறந்தது. விரைந்து குளிர்ந்தால் வேறிடத்தில் வெடிப்பு உண்டாகலாம். ரேடியேட்டரில் இடும் கசிவடைக்கும் தூள்கள் நிலையான பரிகாரமல்ல. அவை நுண்குழாய்களையும் அடைத்துவிடக்கூடும்.

செப்பனிட்ட பின் காற்றுச் சோதனையை மீண்டும் செய்தல் இன்றியமையாதது. தலையின் அடிப்பரப்பு சமமாயுள்ளதா என்று நேர்விளிம்புக் கோலால் பார்த்து, புதிய காஸ்கெட்டை இட்டு, தயாரிப்பாளர் குறித்த வரிசையிலும் அளவிலும் போல்ட்டுகளைப் படிப்படியாக முடுக்கவேண்டும். முதன்முறை இயக்குமுன் பிளக்கைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றினால், தேங்கிய நீர் வெளியேறிவிடும்.

பாதுகாப்பு

சூடான எஞ்சினின் ரேடியேட்டர் மூடியைத் திறத்தலும், அதில் தண்ணீரைத் திடீரென ஊற்றுதலும் கூடா. முன்னது ஆளைச் சுடும்; பின்னது தலையைப் பிளக்கும். உப்பு நீக்கிய நீருடன் துருத்தடுப்புத் திரவத்தைக் கலந்து பயன்படுத்தினால் பொருக்கும் அரிப்பும் குறையும். ஆயினும் அத்திரவங்களுட் பல நச்சுத்தன்மை உடையனவாதலின், குழந்தைகளுக்கும் கால்நடைகளுக்கும் எட்டாமல் வைக்கவேண்டும்.

கசிவை அடைப்பதோடு பணி முடிவதில்லை. மெலிந்த சுவரா, பொருக்கா, தவறான முடுக்கலா என்று காரணத்தை அறிந்து களைந்தாலன்றி, அடைத்த கசிவு மீண்டும் தோன்றும்.