தொண்ணூறு தொகுதிகளில் டால்ஸ்டாய்

நூலாசிரியர் ஒருவரின் புகழ்பெற்ற படைப்புகள் இரண்டைப் படித்தவுடன், அவரை முற்றும் அறிந்துவிட்டோம் என எண்ணுதல் நம்மிற் பலருக்கு இயல்பு. ருஷ்யப் பேரறிஞர் லியோ டால்ஸ்டாய் (1828–1910) என்றதும் ‘போரும் அமைதியும்’, ‘அன்னா கரீனினா’ என்னும் நாவல்களே நினைவுக்கு வருகின்றன. ஆனால் அவர் எழுதியவை அனைத்தையும் திரட்டிய பதிப்போ தொண்ணூறு தொகுதிகள் கொண்டது. அவருடைய பிறப்பு நூற்றாண்டாகிய 1928-ஆம் ஆண்டில் மாஸ்கோவில் தொடங்கிய அப்பணி 1958-ஆம் ஆண்டில்தான் நிறைவெய்தியது. முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த அவருடைய நண்பர் செர்த்கோவ், முடிவைக் காணாமலே 1936-இல் மறைந்தார்.

முதல் 45 தொகுதிகளில் கதை, நாடகம், கட்டுரை முதலியன உள்ளன. அடுத்த 13 தொகுதிகள் நாட்குறிப்புகள். அவற்றை அடுத்த 31 தொகுதிகள் கடிதங்கள். இறுதித் தொகுதி விடுபட்டவற்றைக் கொண்டது. ‘போரும் அமைதியும்’ நான்கு தொகுதிகள் என்றால், அதன் முன்வரைவுகளுக்கும் விளக்கங்களுக்கும் மேலும் நான்கு தொகுதிகள் தேவைப்பட்டன. பேரறிஞரும் எழுதி, அடித்து, மீண்டும் எழுதியே உயர்ந்தார் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஆசிரியத் தொழிலில் உள்ளோர் சிறப்பாக நோக்கத்தக்க பகுதி ஒன்றுண்டு. 1859-ஆம் ஆண்டில் தம் ஊராகிய யாஸ்னயா பொல்யானாவில் டால்ஸ்டாய் உழவர் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தினார். அடியும் அச்சமுமின்றிக் கற்பித்த அப்பள்ளியைப் பற்றிய கட்டுரைகள் எட்டாம் தொகுதியில் உள்ளன. ‘போரும் அமைதியும்’ 1869-இல் முடிந்தபின், உலகப் புகழ் பெற்ற அக்கை எழுதத் துணிந்தது ஓர் அரிச்சுவடி! ஈசாப்பின் கதைகளை நேரே மொழிபெயர்ப்பதற்குக் கிரேக்க மொழி அவருக்குத் துணையாயிற்று. அரண்மனைப் பிள்ளை முதல் உழவர் பிள்ளை வரை இரு தலைமுறையினர் இச்சுவடியில் கற்பாராயின் தாம் நிம்மதியாகக் கண்மூடலாம் என 1872-இல் உறவினர் ஒருவருக்கு எழுதினார். அவ்வாண்டு வெளிவந்த அந்நூலைப் பலர் குறை கூறினர், விற்பனையும் மந்தமாயிற்று. அவர் சோர்ந்துவிடவில்லை. முற்றும் திருத்தி 1875-இல் ‘புதிய அரிச்சுவடி’யாக வெளியிட்டார். அது பள்ளிகளில் பரவிப் பல பதிப்புகள் கண்டது.

நம் மொழிக்கும் இத்தொகுதிகளில் இடமுண்டு. 1908-இல் தாரக்நாத் தாஸ் என்னும் இந்திய இளைஞருக்கு எழுதிய நெடுங்கடிதத்தில், திருக்குறளின் ‘இன்னா செய்யாமை’ அதிகாரத்திலிருந்து அவர் மேற்கோள் காட்டியுள்ளார். தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியடிகள் அக்கடிதத்தைத் தம் பத்திரிகையில் வெளியிட்டார்.

1881-க்குப் பின் எழுதியவற்றை எவரும் விலையின்றி வெளியிடலாமென டால்ஸ்டாய் 1891-ஆம் ஆண்டில் அறிவித்தார். அவர் விருப்பத்திற்கேற்ப, மறுபதிப்புக்குத் தடையில்லை என்ற குறிப்புடனேயே இத்தொகுதிகள் அச்சாயின. 2013-ஆம் ஆண்டில் ஆயிரக்கணக்கான தொண்டர்கள் ஊதியமின்றிப் பிழை திருத்தி, தொண்ணூறு தொகுதிகளையும் கணினி வழியே யாவரும் படிக்கச் செய்தனர்.

தொண்ணூறையும் படித்தல் நம்மால் இயலாது. ஆயினும் பெரிய நாவலுக்குச் செலுத்திய அதே உழைப்பைச் சிறு பிள்ளையின் முதற் பாடத்திற்கும் செலுத்தலாம் என்பதையேனும் அவற்றிலிருந்து கற்போமாக. உழைப்பு ஒருவருடையது, பயன் உலகோர் அனைவருக்கும் உரியது.