எல்லை தாண்டினால் விதி மாறும்

நியூ ஜெர்சியின் எடிசனில் தோசைக்கடை நடத்துபவர் டெக்சஸில் கிளை திறக்கப் போனால், மாவு அரைப்பதைத் தவிர ஏறக்குறைய எல்லாவற்றையும் புதிதாகக் கற்க வேண்டியிருக்கும். உணவுச் சுகாதாரத்துக்கு அமெரிக்க மத்திய அரசின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ தருவது மாதிரி விதித்தொகுப்பு மட்டுமே. ஏற்பதும் திருத்துவதும் மாநிலங்களின் பாடு. மது விற்பனையோ, 1933-ல் மதுவிலக்கு ரத்தானபோதே மாநிலங்களின் கைக்குப் போய்விட்டது.

நியூ ஜெர்சியில் மது பரிமாறும் உரிமம் ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது: 3,000 பேருக்கு ஒன்று. ஒதுக்கீடு தீர்ந்துவிட்டால் ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் விலைபேச வேண்டும். கிராக்கியுள்ள ஊர்களில் பல லட்சம் டாலர் கேட்பார்கள். வாடிக்கையாளரே பாட்டில் கொண்டுவரலாம் என்று அங்கே பல உணவகங்கள் அறிவிப்பது இதனால்தான்.

தென் கரோலினாவில் உரிமத்தைவிடக் காப்பீடுதான் கழுத்தை நெரித்தது. மாலை 5 மணிக்குமேல் மது பரிமாறும் கடைகள் 10 லட்சம் டாலருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும் என்று 2017-ல் சட்டம் வந்தது. குடித்தவர் ஓட்டிய வண்டியில் அடிபட்டவருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பது நியாயமே. ஆனால் விபத்தில் கடையின் பங்கு சிறிதானாலும் முழுத் தொகையும் அதன் தலையில் விழக்கூடும் என்ற நிலை இருந்தது. காப்பீட்டு நிறுவனங்கள் பின்வாங்கின, பிரீமியம் ஏறியது, சிறு கடைகள் மூடின. 2025-ல்தான் சட்டம் திருத்தப்பட்டது.

இவையெல்லாம் முதலாளியின் கவலைகள். தொழிலாளியைத் தொடுவது பணியிட விபத்துக் காப்பீடு.

கொதிக்கும் எண்ணெய் கையில் கொட்டினால், நியூ ஜெர்சியில் தவறு யாருடையது என்று பார்க்காமலே மருத்துவச் செலவும் சம்பளத்தில் ஒரு பகுதியும் கிடைக்கும். அங்கே இந்தக் காப்பீடு கட்டாயம். ஒஹாயோ, வாஷிங்டன், வயோமிங், வடக்கு டகோட்டா மாநிலங்களில் தனியாரிடம் அதை வாங்கவே முடியாது. மாநில நிதியத்தில்தான் சேர வேண்டும். டெக்சஸில் தனியார் முதலாளி விரும்பினால் விட்டுவிடலாம். அப்படி விட்டவர்மீது காயம்பட்டவர் வழக்குத் தொடரலாம், 'அவரும் கவனக்குறைவாக இருந்தார்' என்ற வாதம் முதலாளிக்கு உதவாது. என்றாலும் முதலாளியின் அலட்சியத்தை நிரூபிக்கும் சுமை தொழிலாளியுடையது. கை வெந்து, வேலையும் போய், வாடகைக்கு வழியில்லாமல் நிற்பவரை வழக்கறிஞரைத் தேடி அலையவிடுவது கொடுமை.

டெக்சஸில், காப்பீடு இருக்கிறதா இல்லையா என்பதை வேலைக்குச் சேர்பவரிடம் முதலாளி எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். அடுப்படி வேலைக்குப் போகிறவர் சம்பளம் பேசும்போதே அந்தத் தாளையும் கேட்டு வாங்கிப் படிப்பது நல்லது.