இரவல் ஆட்டக்காரர்

மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் உதைபந்தாடும் நம் இளைஞர்க்கு இங்கிலாந்தின் பெருங்கழகங்கள் புதியன அல்ல. அக்கழகங்கள் தம் இளம் ஆட்டக்காரரைச் சிறிய கழகங்களுக்கு ஒரு பருவத்திற்கென இரவலாகக் கொடுப்பதுண்டு. இரவல் பெறும் கழகத்திற்கு இதனால் விளையும் இடர் யாது?

2012ஆம் ஆண்டிலே செல்சி கழகம், 19 வயதினரான ரொமேலு லுகாகு என்பவரை வெஸ்ட் புரோம்விச் கழகத்திற்கு இரவலாக அளித்தது. அப்பருவத்தில் அவர் பிரீமியர் லீக் போட்டிகளில் 17 கோல்கள் போட்டார். கழகமும் 20 கழகங்களுள் 8ஆம் இடத்தை எய்தியது. தவணை முடிந்தது, இளைஞர் திரும்பினார். அடுத்த பருவத்திலே அதே கழகம் 17ஆம் இடத்திற்குச் சரிந்தது. இன்னும் ஓரிடம் இறங்கியிருப்பின் கீழ்ப்பிரிவுக்கே தள்ளப்பட்டிருக்கும். சரிவுக்குக் காரணங்கள் பலவாகலாம். எனினும் அவர் விட்டுச்சென்ற வெற்றிடம் சிறிதன்று.

இரவலாக வந்தவரைக் களத்திலே பழக்குவது சிறு கழகம். பயனை அறுவடை செய்வது பெருங்கழகம். அதனினும் பெரிய நட்டம் ஒன்றுண்டு. வந்தவர் ஆடும் இடத்திற்குரிய உள்ளூர்ச் சிறுவன் வாங்கிலே அமர்ந்திருக்கின்றான்.

இரவல் பெறுவது தவறன்று. ஆயினும், இரவற் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறியலாகாது என்பது நம் முதுமொழி. தன் சிறுவனையும் களத்தில் இறக்கிப் பழக்குதல் கழகத்தின் கடமையாகும். தவணை முடியும் நாளில் எஞ்சி நிற்பவன் அவனே.