கேப்டன் குக்கின் 300-வது பிறந்தநாள்: யாரைக் கேட்டு விழா எடுப்பது?

கடலோடி ஜேம்ஸ் குக் பிறந்து 2028-ல் 300 ஆண்டுகள் நிறைவடைகின்றன. அதற்கடுத்த ஆண்டு பிப்ரவரி 14, ஹவாயில் அவர் கொல்லப்பட்டதன் 250-வது நினைவுநாள். விழா எடுக்கலாமா, எடுத்தால் எப்படி என்ற விவாதம் அவர் கால்பதித்த நாடுகளில் மீண்டும் எழும். வாசகர்களுக்கு எழக்கூடிய சில சந்தேகங்களும் அவற்றுக்கான விளக்கங்களும் இதோ.

அவர் பிறந்தது அக்டோபர் 27-ஆ, நவம்பர் 7-ஆ? நவம்பர் 3-ல் ஞானஸ்நானம் ஆனதாகவும் பதிவு இருக்கிறதே?

எல்லாமே சரிதான். 1752 வரை பிரிட்டன் பழைய ஜூலியன் நாட்காட்டியையே பின்பற்றியது. அதன்படி அவர் பிறந்தது 1728 அக்டோபர் 27. தேவாலயப் பதிவேட்டில் உள்ள நவம்பர் 3-ம் அதே கணக்குதான். இன்றைய நாட்காட்டிக்கு 11 நாட்களைக் கூட்டினால் பிறந்தநாள் நவம்பர் 7 ஆகிறது.

நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவர் அவர்தானே?

இல்லை. அவருக்குச் சுமார் 500 ஆண்டுகளுக்கு முன்பே மாவோரிகளின் முன்னோர் தோணிகளில் வந்து குடியேறிவிட்டார்கள். ஐரோப்பியர்களிலும் டச்சு மாலுமி ஏபல் டாஸ்மன் 1642-லேயே அந்தக் கரையைப் பார்த்துவிட்டார். குக்கின் சாதனை வேறு. சுமார் ஆறு மாதங்களில் நியூசிலாந்தைச் சுற்றிவந்து முழுக் கரையையும் வரைபடமாக்கினார். யார்க்‌ஷயர் பண்ணைத் தொழிலாளி ஒருவரின் மகன் செய்த அந்த வேலை இன்றும் வியக்க வைக்கிறது. அவருடன் இருந்த துபாயா, ராயதேயா தீவைச் சேர்ந்த பூசாரி, கடல்வழி அறிந்தவர். அவர் பேசிய மொழி மாவோரிகளுக்குப் புரிந்தது. அவர் இல்லாவிட்டால் அந்தப் பயணத்தில் இன்னும் எத்தனை உயிர்கள் போயிருக்குமோ!

தமிழர்கள் அதற்கு முன்பே அங்கே போயிருந்தார்களாமே, மணிகூடக் கிடைத்ததாமே?

மணி கிடைத்தது உண்மை. முகைதீன் வக்குசு என்பவரின் கப்பல் மணி என்று தமிழில் பொறிக்கப்பட்ட உடைந்த வெண்கல மணி அது. மாவோரிகள் அதில் உருளைக்கிழங்கு வேகவைத்துக்கொண்டிருந்ததை மிஷனரி வில்லியம் கொலென்சோ 19-ம் நூற்றாண்டில் பார்த்து வாங்கினார். இப்போது வெலிங்டனில் உள்ள தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் மணி எப்போது, யார் கையால் அங்கே சேர்ந்தது என்பதற்குச் சான்று இல்லை. தமிழர் குடியேற்றத்துக்கு இதை ஆதாரமாகக் காட்டுவது சரியல்ல.

இவ்வளவு பெரிய மாலுமிக்கு விழா எடுப்பதை ஏன் எதிர்க்கிறார்கள்?

1769 அக்டோபரில் இன்றைய கிஸ்பர்ன் நகரக் கரையில் குக்கின் ஆட்கள் இறங்கினார்கள். முதல் நாளிலேயே தே மாரோ என்ற மாவோரி சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்து வந்த நாட்களையும் சேர்த்து ஒன்பது மாவோரிகள் இறந்தனர். அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அதே ஊரில் வாழ்கிறார்கள். வெளியூர்க்காரர்களுக்கு விழாநாளாகத் தெரிவது அவர்களுக்குத் துக்கநாள்.

1969-ல் நடந்த 200-வது ஆண்டு விழாவில் இதை யாரும் பெரிதாக யோசிக்கவில்லை. அப்போது அங்கிருக்கும் குன்றின் மேல் ஒரு வெண்கலச் சிலை வைத்தார்கள். ஆக்லாந்தில் மது ஆலை ஒன்றிடம் இருந்த பளிங்குச் சிலையைப் பார்த்து வார்த்தது. சீருடையும் பிரிட்டிஷ் கடற்படையுடையது அல்ல, முகமும் குக்குடையது அல்ல என்று பிறகு தெரியவந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்துச் சிலையை இறக்கி அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். 2019-ல் அதே குன்றில் தே மாரோவுக்கு நினைவுச்சின்னம் எழுப்பப்பட்டது. பிரிட்டிஷ் தூதர் நேரில் வந்து அந்த மரணங்களுக்கு வருத்தம் தெரிவித்தார். முழு மன்னிப்பு அல்ல என்ற குறை பலருக்கு இருந்தது. அந்தக் குறை நியாயமானது.

குக் வந்த கப்பலைப் போல ஒன்றை ஓட்டிக் காட்டினால் போதாதா?

2019-ல் எண்டெவர் கப்பலின் மாதிரியுடன் பசிபிக் மக்களின் இரட்டைத் தோணிகளையும் சேர்த்தே நியூசிலாந்து அனுப்பியது. அப்படியும் மங்கோனுய் ஊருக்கு அந்தக் கப்பல் வரக்கூடாது என்று நாட்டி காஹு இனக்குழு மறுத்தது. தங்களைக் கலந்தாலோசிக்காமலே ஊர்ப் பெயரை அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள் என்பது அவர்கள் புகார். அங்கே நிறுத்தம் ரத்தானது. ஆஸ்திரேலிய அரசு அதே கப்பல் நாட்டைச் சுற்றிவர 67 லட்சம் டாலர் ஒதுக்கியது. குக் ஆஸ்திரேலியாவைச் சுற்றிவரவே இல்லை என்று வரலாற்று ஆசிரியர்கள் சுட்டிக்காட்டினார்கள். கடைசியில் 2020-ல் கொரோனா வந்து பயணத்தை நிறுத்தியது.

அப்படியானால் விழாவே வேண்டாமா?

வேண்டும். ஆனால் வேலையைத் தொடங்கும் வரிசை மாற வேண்டும். தேதி, நிதி, சிலை, கப்பல் எல்லாவற்றையும் முடிவுசெய்துவிட்டுக் கடைசியில் அந்தக் கரையின் மக்களை அழைப்பதுதான் இதுவரை வழக்கமாக இருந்தது. முதல் கூட்டத்திலேயே அவர்கள் உட்கார வேண்டும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையோடு. அவர்கள் மறுத்தால் அந்த ஊரில் நிகழ்ச்சி கூடாது.

நியூசிலாந்தில் வாழும், அங்கே செல்லும் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள்: 2028-ல் குக்கின் பெயரைச் சொல்லி யார் அழைத்தாலும், கிஸ்பர்ன் குன்றில் தே மாரோவின் நினைவுச்சின்னத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.