ஒரு ரூபாய் காசினோ

பெங்களூரில் சட்டப்படி நடக்கும் காசினோ எதுவும் இருந்ததில்லை. சுழலும் ரூலெட் சக்கரத்தைப் பார்க்க ஆசைப்பட்ட பணக்காரர்கள் காட்மாண்டுவுக்கோ, பின்னாளில் கோவாவுக்கோ விமானம் ஏறினார்கள். ஏழைகளுக்கு அந்தச் சிரமம் இல்லை. அவர்கள் மெஜஸ்டிக்கில் பஸ்ஸை விட்டு இறங்கினாலே போதும். வரிசையாக லாட்டரி ஸ்டால்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு குழாய் ஒலிபெருக்கி. 'இவத்தே டிரா, இவத்தே டிரா' என்று கன்னடத்தில் ஒரு கேசட் கூவும். அதை முழுங்கடிக்கும் சத்தத்தில் பக்கத்துக் கடைக் கேசட் தமிழில் லட்சங்களை அடுக்கும். கோடீஸ்வரன் ஆவதற்கு இன்னும் சில மணி நேரம்தான் பாக்கி என்பதை இரண்டு மொழிகளிலும் கேட்டுவிட்டுத்தான் டவுன் பஸ் பிடிக்க முடியும்.

தொண்ணூறுகளில் அந்த ஸ்டால்களின் அலங்காரமே தனி. கயிறு கட்டி, கிளிப் மாட்டி, துணி காயப்போட்ட மாதிரி டிக்கெட்டுகள். பூட்டான், சிக்கிம், நாகாலாந்து, மணிப்பூர், அருணாசலப் பிரதேசம் என்று, வாங்குபவர்களில் பெரும்பாலோர் கண்ணால் கண்டிராத பிரதேசங்களெல்லாம் மூன்றடிப் பலகையில் ஒன்றாகத் தொங்கும். நடுவில் மகாலட்சுமி படம், ஊதுவத்தி, காலையிலேயே சாத்திய மல்லிகைச் சரம். பூகோளப் பாடத்தில் வடகிழக்கு மாநிலங்களின் பெயர்களை நான் தப்பில்லாமல் எழுதியதற்கு வாத்தியார் காரணமல்ல. ஸ்ரீராமபுரம் முனையில் இருந்த ஸ்டால்தான் காரணம்.

அந்த ஸ்டாலுக்குத் தவறாத வாடிக்கையாளர் என் மாமா. மில் தொழிலாளி. தமிழ்நாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அவருக்கு லாட்டரி என்பது சூதாட்டமே அல்ல, ஒருவகை தேசபக்தி. காரணம் உண்டு. 1967ல் கேரள அரசு ஒரு ரூபாய் டிக்கெட்டும் 50,000 ரூபாய் முதல் பரிசுமாக லாட்டரியைத் தொடங்கி நாட்டுக்கே வழி காட்டியது. அடுத்த ஆண்டே, அண்ணா முதல்வராக இருந்தபோது, தமிழக அரசும் பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியது. 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்பது அன்றைய கோஷம். மாமாவுக்கு ஒருபோதும் வீட்டுக்கு விழுந்ததில்லை. நாட்டுக்கு அவர் நிறையவே செய்திருக்கிறார்.

ஒருபோதும் இல்லை என்று சொல்வது தப்பு. ஒரு தீபாவளி பம்பரில் ஐந்நூறு ரூபாய் விழுந்தது. பிரஷர் குக்கர் வாங்கிக்கொண்டு வந்தார். அத்தை அதை இருபது வருடங்களுக்கு மேல் உபயோகித்தார். யாராவது மாமாவின் அதிர்ஷ்டத்தைப் புகழ்ந்தால், 'இந்தக் குக்கர் எத்தனை ஆயிரம் விலை தெரியுமா?' என்று கேட்பார்.

ஆட்களை இழுக்கும் வித்தைகளில் ஸ்டால்காரர்களை மிஞ்ச முடியாது. சிறு பரிசு விழுந்தால் கையில் காசு கொடுக்கத் தயங்குவார்கள். அந்தத் தொகைக்குப் புது டிக்கெட்டை நீட்டுவார்கள். நூறு பேரில் தொண்ணூறு பேர் வாங்கிக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. ஜெயித்தது கடையைவிட்டு வெளியே போகாது. தீபாவளிக்கும் தசராவுக்கும் புத்தாண்டுக்கும் பம்பர் குலுக்கல். கட்டாக வாங்கினால் விலையில் கொஞ்சம் சலுகை. வருடம் பிறந்தால் லட்சுமி காலண்டர் இலவசம். எல்லாவற்றையும்விடப் பெரிய கவர்ச்சி, 'முதல் பரிசு இங்கே விற்ற டிக்கெட்டுக்கே' என்ற துணி பேனர். விற்ற ஏஜென்டுக்கும் பரிசில் பங்கு உண்டு என்பதால் பேனர் கட்டுவதில் அவருக்கும் சந்தோஷம். வெயிலில் வெளுத்து எழுத்தே மறைந்த பிறகும் பேனர் இறங்காது.

இந்த அளவில் நின்றிருந்தால் லாட்டரியைப் பற்றிக் கோபமாகப் பேச யாருக்கும் மனம் வந்திருக்காது. வாரத்துக்கு ஒரு டிக்கெட், ஆறு நாள் கனவு, ஏழாம் நாள் பேப்பரில் ஏமாற்றம். சினிமா டிக்கெட்டைவிட மலிவான பொழுதுபோக்கு.

கெடுத்தது ஒற்றை இலக்க லாட்டரி. பூஜ்யம் முதல் ஒன்பது வரை ஏதாவது ஓர் எண். கடைசி இலக்கம் அதுவாக இருந்தால் பரிசு. பத்தில் ஒன்று என்பது கைக்கெட்டும் தூரம் போலத் தெரியும். லட்சத்தில் ஒன்று விழாவிட்டால் மனிதன் மறந்துவிடுவான். பத்தில் ஒன்று தவறினால், 'சே, பக்கத்து நம்பர்' என்று மறுபடி பையைத் தடவுவான். காலையில் போட்டதற்குப் பகலில் முடிவு, பகலில் போட்டதற்கு மாலையில் முடிவு. கனவு காண்பதற்கு அங்கே நேரமே இல்லை. ஸ்டாலைச் சுற்றிச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த கூட்டம் பேச்சை நிறுத்தியது அப்போதுதான். சம்பள நாளில் மாமா ஒன்பது மணிக்கு வீடு திரும்பி, சாப்பாடு வேண்டாம் என்று திண்ணையில் உட்கார்ந்திருந்த இரவு எனக்கு நினைவிருக்கிறது. மறுவாரம் அத்தையின் காதில் தோட்டுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

1998ல் மத்திய அரசு கொண்டுவந்த லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டம் ஒற்றை இலக்கப் பரிசுகளைத் தடை செய்தது. ஒரு லாட்டரிக்கு வாரத்துக்கு ஒரு குலுக்கல்தான், ஆண்டுக்கு ஆறு பம்பருக்கு மேல் கூடாது என்றெல்லாம் விதித்தது. காகிதத்தில் நல்ல சட்டம். அதற்குள் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. 2000களின் தொடக்கத்தில் ஆன்லைன் லாட்டரி மையங்கள் முளைத்தன. மல்லிகைச் சரத்துக்குப் பதில் குழல்விளக்கு, கேசட்டுக்குப் பதில் டி.வி.யில் குலுக்கல்.

வெளிமாநில டிக்கெட்டுகளை மட்டும் ஏன் நிறுத்தக்கூடாது என்று அப்போது பலரும் கேட்டார்கள். நிறுத்த முடியாது. தன் சொந்த லாட்டரியை நடத்திக்கொண்டே மற்ற மாநிலங்களின் சீட்டை ஓர் அரசு தடுக்கக்கூடாது என்று 1999ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. பிறத்தியாரை விரட்ட வேண்டுமானால் தன் கடையையும் மூட வேண்டும். தமிழ்நாடு 2003 ஜனவரியில் மூடியது, ஜெயலலிதா முதல்வர். கர்நாடகம் இன்னும் நான்கு ஆண்டுகள் யோசித்தது. குமாரசாமி ஆட்சியில் 2007 ஏப்ரல் 1 முதல் எல்லா லாட்டரிக்கும் தடை வந்தது. முட்டாள்கள் தினம் என்பதால் எங்கள் தெருவில் முதலில் யாரும் நம்பவில்லை. அதே ஆண்டு ஜூலையில் சாராயமும் போனது.

மெஜஸ்டிக்கிலிருந்து நடக்கும் தூரத்தில் ரேஸ் கோர்ஸ் இருக்கிறது. லாட்டரி போன பிறகும் அங்கே குதிரைகள் ஓடின. குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டமல்ல, திறமை என்று 1996லேயே சென்னை ரேஸ் வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருந்தது. குதிரையின் வம்சம், ஜாக்கியின் எடை, மைதானத்தின் ஈரம் என்று படிக்க அதில் விஷயம் இருக்கிறது, உண்மைதான். டிக்கெட்டில் படிக்க எண்ணைத் தவிர எதுவும் இல்லை. ஆனாலும், சூட்கோட்டு போட்டவனின் ஆட்டத்துக்குப் பெயர் திறமை, லுங்கி கட்டியவனின் ஆட்டத்துக்குப் பெயர் சூது என்று மாமா சொன்னதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ஸ்ரீராமபுரம் ஸ்டால் செல்போன் ரீசார்ஜ் கடை ஆயிற்று. சூதாட்டமும் பிறகு அந்த செல்போனுக்குள்ளேயே குடியேறியது. முதல் ஆட்டத்துக்கு போனஸ், நண்பனைச் சேர்த்தால் போனஸ், தோற்றால் ஆறுதல் போனஸ்: ஸ்டால்காரர்களின் பழைய வித்தைகள்தான், பளபளப்பான உடுப்பில். கர்நாடக அரசு 2021ல் தடைச் சட்டம் போட்டது. 2022 பிப்ரவரியில் ஹைகோர்ட் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்தது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நாடு முழுவதும் தடை செய்தது. ஆனால் காகித லாட்டரி பல மாநிலங்களில் இன்றும் ஜோராக நடக்கிறது. அதில் எவ்வளவு பணம் புரள்கிறது என்பதற்கு ஒரு தகவல் போதும்: 2024ல் வெளியான தேர்தல் பத்திரப் பட்டியலில் 1,368 கோடி ரூபாயுடன் முதலிடத்தில் இருந்தது, ஃப்யூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம்.

2024 அக்டோபர் 9 அன்று கேரளத்தின் திருவோணம் பம்பர் குலுக்கல். முதல் பரிசு 25 கோடி. டிக்கெட் விலை 500 ரூபாய். பரிசு விழுந்தது மண்டியா மாவட்டம் பாண்டவபுராவைச் சேர்ந்த ஒரு மெக்கானிக்குக்கு. டிக்கெட் விற்றது வயநாட்டில், சுல்தான் பத்தேரியில். லாட்டரி தடை செய்யப்பட்ட கர்நாடகத்துக்குப் பதினேழு ஆண்டுகள் கழித்து வந்த முதல் பரிசு என்று மறுநாள் நாங்கள் வேடிக்கையாகப் பேசிக்கொண்டிருந்தோம்.

மாமா அந்தச் செய்தியை டி.வி.யில் இரண்டு முறை பார்த்தார். பிறகு, சுல்தான் பத்தேரிக்கு பஸ் எங்கிருந்து கிளம்புகிறது என்று என்னிடம் கேட்டார். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அத்தை, பதில் சொல்லாதே என்று எனக்கு ஜாடை காட்டினார்.